பால் பல்லுக்குப் பின்னால் புதுப் பல்: காத்திருப்பதா, பிடுங்குவதா?

6, 7 வயதுக் குழந்தைக்குப் பல் தேய்த்துவிடும்போது, கீழ் முன்பற்களுக்குப் பின்னால், நாக்குப் பக்கமாக இன்னொரு பல் முளைத்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிடும் பெற்றோர் ஏராளம். முன்னால் இருக்கும் பால் பல் இன்னும் விழவில்லை. சில சமயம் ஆடக்கூட ஆரம்பித்திருக்காது. பல் வரிசை கோணலாகிவிடுமோ, கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்ற பயம் வந்துவிடும். அப்புறம் ஆளுக்கொரு யோசனை. தானாக விழும் விடு என்பார் ஒருவர். இன்றைக்கே பிடுங்கு என்பார் இன்னொருவர். கம்பி போட வேண்டிவரும், பணம் சேர்த்து வை என்பார் மூன்றாமவர்.

மூன்று யோசனையுமே சில குழந்தைகளுக்குப் பொருந்தும், எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ் முன்பல்லாக இருந்து, பால் பல் ஆடிக்கொண்டிருந்தால், காத்திருப்பதுதான் நல்லது. மேல் முன்பல்லுக்குப் பின்னால் புதுப் பல் வந்தால் காத்திருக்கவே கூடாது. அந்த வாரத்திலேயே பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். மற்ற நிலைமைகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். அங்கே முடிவெடுக்க, பல் எவ்வளவு கோணலாகத் தெரிகிறது என்பது உதவாது. எந்தப் பல், பால் பல் எவ்வளவு ஆடுகிறது, புதுப் பல் எவ்வளவு மேலே வந்திருக்கிறது என்ற மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

ஏன் இப்படி வருகிறது

பால் பற்கள் மொத்தம் 20. அவற்றின் இடத்தைப் பிடிக்கப்போகும் நிரந்தரப் பற்கள் தாடை எலும்புக்குள் பல வருடங்களாக வளர்ந்துகொண்டிருக்கும். கீழ் முன்பற்களைக் கவனியுங்கள்: நிரந்தரப் பல்லின் மொட்டு பால் பல்லின் வேருக்கு நேர் கீழே இருப்பதில்லை, வேருக்குப் பின்னால், நாக்குப் பக்கமாக இருக்கிறது. அது மேலே ஏற ஏற, பால் பல்லின் வேரைச் சில செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ஆற்று வெள்ளம் கரையை அடியில் அரிப்பதுபோல வேர் அடியிலிருந்து குறுகிக்கொண்டே வரும், பிடிமானம் போகும், பல் ஆடும், விழும். விழுந்த பால் பல்லுக்கு வேரே இல்லாததுபோலத் தெரிவது இதனால்தான். வேர் உடைந்து உள்ளே தங்கிவிட்டதோ என்று பயப்படத் தேவையில்லை.

புதுப் பல் ஏறும் பாதை நாக்குப் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்துவிட்டால், பால் பல்லின் வேர் ஒரு பக்கம் மட்டும் கரையும், அல்லது மெதுவாகக் கரையும். பால் பல் விழுவதற்குள் புதுப் பல் பின்னால் வெளியே வந்துவிடும். இது நோய் இல்லை. யாருடைய தவறும் இல்லை. பல் மாறும் வயதில் குழந்தைகளின் வாயைப் பார்ப்பவர்களுக்கு இது மிகப் பழக்கமான காட்சி.

வந்த பல் பின்னாலேயே நின்றுவிடுமா என்றால், கீழ் வரிசையில் பெரும்பாலும் நிற்காது. உள்ளிருந்து நாக்கு பற்களை ஓயாமல் முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து உதடு தடுத்துப் பிடிக்கும். இரண்டு விசையும் சமமாகும் இடத்தில்தான் பல் நிற்கும். பால் பல் வழியை விட்டு விலகியதும், புதுப் பல் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மெல்ல முன்னால் நகர்ந்து வரிசைக்கு வந்துவிடும். இடம் மட்டும் இருக்க வேண்டும். அந்த இடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

6 வயதில் கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், ஈறின் கோடியில், முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். அதற்காக எந்தப் பால் பல்லும் விழாது. அதையும் ‘பால் பல் விழாமலே வந்த பல்’ என்று எண்ணிக் கவலைப்படுகிறவர்கள் உண்டு. அதற்கு எதுவும் செய்ய வேண்டாம், நன்றாகத் தேய்த்துவிட்டால் போதும். ஆனால் அது பால் பல் என்று நினைத்து, விழத்தானே போகிறது என்று சொத்தையாக விட்டுவிடாதீர்கள். அது வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல்.

முதல் வழி: காத்திருப்பது

கீழ் முன்பல்லுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். வலி இல்லை, ஊசி இல்லை, குழந்தைக்குப் பல் டாக்டர் மேல் பயம் வர வாய்ப்பில்லை. பல் தானாக விழும்போது ஈறும் அதற்குத் தயாராகியிருக்கும். ஓரிரு சொட்டு ரத்தத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் காத்திருப்பது என்றால் மறந்துவிடுவது இல்லை. கையைக் கழுவிக்கொண்டு, சுத்தமான துணியால் பால் பல்லைப் பிடித்து முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடுகிறதா? எந்த அளவுக்கு? இதைத் தினமும் செய்ய வேண்டாம், வாரம் ஒருமுறை போதும். ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் கைபேசியில் படம் எடுத்து வைத்தால் மிக உதவியாக இருக்கும். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. மூன்று வாரப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும். டாக்டரிடம் காட்டவும் அது பயன்படும்.

வாரத்துக்கு வாரம் ஆட்டம் கூடிக்கொண்டே போனால் நிம்மதியாக இருக்கலாம். இரண்டு, மூன்று மாதம் வரை விட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆட்டம் கூடாமல் அப்படியே நின்றால், அல்லது பல் துளியும் ஆடாமல் இருக்க, புதுப் பல் பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டால், அதற்கு மேல் வீட்டிலேயே இருந்து யோசிப்பதில் பலனில்லை. டாக்டரிடம் காட்டி, வேர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று ஒரு சிறு எக்ஸ்ரேயில் பார்த்துக்கொள்வது நல்லது. வேர் பாதிக்கு மேல் கரைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். முழு வேரும் அப்படியே நின்றால் அந்தப் பல் சீக்கிரம் விழாது. எத்தனை மாதம் பொறுக்கலாம் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே சிறிய வித்தியாசம் உண்டு. ஒருவர் ஒரு மாதம் என்றும் இன்னொருவர் மூன்று மாதம் என்றும் சொன்னால் யாரோ தவறாகச் சொல்கிறார் என்று எண்ண வேண்டாம்.

காத்திருப்பதில் இருக்கிற உண்மையான தொல்லை சுத்தம்தான். இரண்டு வரிசைக்கும் நடுவில் உணவு சிக்கிக்கொள்ளும். ஈறு சிவந்து வீங்கும், தேய்க்கும்போது ரத்தம் வரும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டால் இன்னும் மோசமாகும். பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் நுனியால் பின்பக்கம் மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டும். இதைப் பெரியவர்கள்தான் செய்துவிட வேண்டும். 7, 8 வயது வரைக்கும் குழந்தைக்குத் தானாக அந்த இடத்தை எட்டித் தேய்க்கும் கைப்பழக்கம் வருவதில்லை. ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், ஒரு பட்டாணி அளவு போதும். இப்போதுதான் முளைத்த பல்லின் எனாமல் இன்னும் முழுதாக இறுகியிருக்காது, எளிதில் சொத்தையாகும். ஆகவே இந்தச் சில மாதங்கள்தான் அதிகக் கவனம் கேட்கிற மாதங்கள்.

புதுப் பல் பால் பல்லைவிட மஞ்சளாகவும், விளிம்பில் ரம்பம் மாதிரி மூன்று சிறு மேடுகளோடும் இருக்கும். இரண்டும் இயல்பானவை. நிரந்தரப் பல்லின் நிறமே பால் பல்லைவிடக் கொஞ்சம் மஞ்சள். மேடுகள் கடித்துக் கடித்துத் தேய்ந்துவிடும். வெள்ளையாக்குகிறேன் என்று எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

இரண்டாவது வழி: வீட்டிலேயே ஆட்டி எடுப்பது

குழந்தை தன் நாக்காலும் சுத்தமான விரலாலும் தானே ஆட்டிக்கொள்வது நல்லது. தனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று அதற்குத் தெரியும், வலிக்கும் முன் நிறுத்திவிடும். பல் கிட்டத்தட்ட ஈறில் தொங்கிக்கொண்டிருக்கிறது, எந்தப் பக்கமும் படுக்கிறது என்றால், துணியால் பிடித்து லேசாகத் திருகினால் வந்துவிடும். அவ்வளவுதான் வீட்டு வைத்தியத்தின் எல்லை.

நூல் கட்டி இழுப்பது, கதவில் கட்டி அடிப்பது, குறடு எடுப்பது இவற்றை நான் எந்த நிலையிலும் சொல்ல மாட்டேன். வேர் மீதியிருக்கிற பல்லை இழுத்தால் ஈறு கிழியும், வேர் முறியும், ரத்தம் அதிகமாக வரும். எல்லாவற்றையும்விட, நம்பிப் பிடித்துக்கொண்டிருந்த கை திடீரென்று வலி கொடுத்துவிட்டது என்பது குழந்தையின் மனதில் தங்கிவிடும். அடுத்த முறை வாயைத் திறக்கவே மறுக்கும். இன்னும் 19 பால் பற்கள் விழ வேண்டியிருக்கும்போது இது பெரிய நஷ்டம்.

ஆட்டிக்கொண்டே இருந்தால் வேர் கரைந்துவிடும் என்பதும் சரியில்லை. வேரைக் கரைப்பது உள்ளே நடக்கிற வேலை. கையால் ஆட்டுவதால் அது வேகமாவதில்லை. ஏற்கெனவே தளர்ந்த பல்லின் கடைசிப் பிடியை விடுவிக்கத்தான் ஆட்டுவது உதவும். துளியும் ஆடாத பல்லைத் தினமும் பிடித்து ஆட்டச் சொல்லிக் குழந்தையை வருத்துவதில் பயன் எதுவும் இல்லை. அந்தப் பல்லுக்கு முதல் வழியோ மூன்றாவது வழியோதான்.

தூக்கத்தில் பல் விழுந்து விழுங்கிவிட்டால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். பல் காணாமல் போனதோடு குழந்தைக்கு விடாத இருமலோ மூச்சில் சத்தமோ திணறலோ இருந்தால் மட்டும் அது மூச்சுக்குழலுக்குள் போயிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது வழி: டாக்டரிடம் பிடுங்குவது

இதைப் பெற்றோர்கள் தேவைக்கு அதிகமாகப் பயப்படவும் செய்கிறார்கள், தேவைக்கு முன்பே கேட்கவும் செய்கிறார்கள்.

நடப்பது இதுதான். ஈறில் மரத்துப்போகும் ஜெல் தடவுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிறு ஊசி. மரத்தபின் வலி தெரியாது, அழுத்தம் மட்டும் தெரியும். முன் பால் பல்லுக்கு ஒற்றை வேர், அதுவும் பாதி கரைந்தது என்றால் பல் சில நிமிடங்களில் வந்துவிடும். பஞ்சை 20, 30 நிமிடம் இறுகக் கடித்திருந்தால் ரத்தம் நிற்கும். அன்றைக்கு வேகமாக வாய் கொப்பளிக்கவோ உறிஞ்சுகுழலில் குடிக்கவோ விடக்கூடாது, உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். மரப்பு இறங்க இரண்டு மூன்று மணி நேரமாகும். அதற்குள் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் குழந்தைகள் நிறைய. பிடுங்கிய இடத்தைவிட இந்த உதட்டுப் புண்தான் அதிக நாள் வலிக்கும். அந்த நேரம் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். வலி இருந்தால் குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

சில சமயம் வேரின் மெல்லிய நுனி முறிந்து உள்ளே நின்றுவிடும். எளிதாக வரவில்லை என்றால் டாக்டர் அதை அப்படியே விட்டுவிடுவார். அது அலட்சியம் இல்லை. தோண்டினால் பக்கத்தில் இருக்கும் நிரந்தரப் பல்லுக்கு அடிபடலாம். விட்டுவைத்த துண்டு தானாகக் கரையும், அல்லது ஒருநாள் ஈறின் மேலே வந்து நிற்கும்.

இந்த வழி எப்போது முதல் வழியைவிட மேல்? பால் பல் துளியும் ஆடாமல், புதுப் பல் முழுசாக ஏறிவிட்டபோது. ஈறு வீங்கிச் சீழ் வைத்தபோது. குழந்தைக்கு 8 வயது கடந்தும் கீழ் நடுப் பால் பல் அசையாமல் நின்று, பின்னால் புதுப் பல் இருக்கிறபோது. அப்புறம் பலரும் யோசிக்காத ஒன்று: அந்தப் பால் பல் முன்பு எப்போதாவது அடிபட்டுக் கறுத்திருந்தாலோ, அதற்கு வேர் சிகிச்சை செய்திருந்தாலோ. உயிரற்ற பால் பல்லின் வேர் மற்றவை மாதிரி ஒழுங்காகக் கரைவதில்லை. புதுப் பல்லை அது வேறு பக்கம் திருப்பிவிடும். 3 வயதில் கீழே விழுந்து முகத்தில் அடிபட்டதை 7 வயதில் டாக்டரிடம் சொல்ல மறந்துவிடுகிறோம், சொல்லுங்கள்.

ரத்தம் உறைவதில் பிரச்சினை, இதயக் கோளாறு, தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் மருந்து எது இருந்தாலும் பிடுங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சில இதயக் கோளாறுகளுக்கு, பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் தேவைப்படும். பால் பல் தானாக விழுந்தால் அது தேவையில்லை. அப்படிப்பட்ட குழந்தைக்குக் காத்திருப்பதன் மதிப்பு இன்னும் கூடுகிறது.

மிகவும் பயப்படுகிற குழந்தை என்றால்? நைட்ரஸ் ஆக்சைடு மாதிரி, சுவாசித்தால் பதற்றம் தணிகிற வாயுவைச் சில இடங்களில் கொடுப்பார்கள். ஆனால் கீழ் முன்னால் இருக்கிற ஒரே ஒரு பால் பல்லுக்காக முழு மயக்க மருந்து கொடுக்கிற அளவுக்குப் போவது, என் கருத்தில், தேவைக்கு மீறியது. அவசரம் இல்லாதபோது அங்கே பொறுமைதான் சிறந்த மருந்து. குழந்தையிடம் ‘வலிக்கவே வலிக்காது’ என்று பொய் சொல்லவும் வேண்டாம், ‘சேட்டை பண்ணினால் ஊசி போடச் சொல்வேன்’ என்று மிரட்டவும் வேண்டாம். எறும்பு கடிக்கிற அளவுக்கு ஒரு வலி, அப்புறம் மரத்துவிடும் என்று உள்ளதைச் சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மேல் பல் என்றால் கணக்கே வேறு

கீழ் வரிசைக்குச் சொன்ன பொறுமையை மேல் முன்பல்லுக்குக் காட்டினால் கெடுதல். மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களை வெளியிலிருந்து கொஞ்சம் மூடியபடி இருக்க வேண்டும். பால் பல் விழாமல் நிற்க, புதுப் பல் அதன் பின்னால், அண்ணத்துப் பக்கம் இறங்கினால், வாயை மூடும்போது அது கீழ்ப் பல்லுக்கும் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு நாக்கு எவ்வளவு தள்ளினாலும் வெளியே வராது. ஒவ்வொரு கடியும் அதை உள்ளேயே பூட்டுகிறது. மாட்டிக்கொண்ட பல்லின் எனாமல் தேயும். எதிரே இருக்கும் கீழ்ப் பல்லின் ஈறு கீழிறங்கும். வசதியாகக் கடிப்பதற்காகக் குழந்தை கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளிப் பழகிவிடும்.

புதுப் பல் இப்போதுதான் நுனி காட்டுகிறது, இன்னும் கீழ்ப் பல்லைத் தொடவில்லை என்னும் நேரத்தில் பால் பல்லை எடுத்துவிட்டால் அது சரியான பாதைக்குத் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. மாட்டிக்கொண்ட பிறகு என்றால், பல்லை முன்னுக்குத் தள்ள ஒரு கழற்றி மாட்டும் தகடோ சில கம்பிகளோ சில மாதங்களுக்குத் தேவைப்படும். ஒரு சிறு வேலை பெரிய வேலையாவது இப்படித்தான். அதனால்தான் அந்த வாரத்திலேயே என்று சொன்னேன்.

மேலே எக்ஸ்ரே எடுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மேல் நடுப் பற்கள் இரண்டுக்கும் இடையில் சில குழந்தைகளுக்கு ஒரு அதிகப்படிப் பல், கூம்பு வடிவத்தில், எலும்புக்குள் ஒளிந்திருக்கும். நிரந்தரப் பல் வழிமாறுவதற்கு அது காரணமாக இருந்தால் பால் பல்லை மட்டும் பிடுங்கிப் பலன் இருக்காது. ஒரு பக்க நடுப் பல் வந்து 6 மாதம் ஆகியும் மறுபக்கம் வரவில்லை என்றாலும் இதையே சந்தேகிக்க வேண்டும்.

பிடுங்கினால் இடம் கிடைக்குமா

பிடுங்கச் சொல்லிக் கேட்கிற பெற்றோரில் பெரும்பாலானவர்கள் இதை நம்பித்தான் கேட்கிறார்கள்: சீக்கிரம் பிடுங்கிவிட்டால் பல் நேராக வரும், தாமதித்தால் கோணலாகும். கோணல் வருவதற்கு முக்கியக் காரணம் தாமதம் இல்லை, இடப் பற்றாக்குறை.

கீழே நான்கு நிரந்தர முன்பற்களின் மொத்த அகலம், அவை மாற்றும் நான்கு பால் பற்களின் அகலத்தைவிடச் சுமார் 6 மி.மீ. அதிகம். மேலே அது சுமார் 7 மி.மீ. இந்த அதிக இடத்தைத் தாடை மூன்று வகையில் கொடுக்கிறது. பால் பற்களுக்கு நடுவில் முன்பே இருக்கும் இடைவெளிகள் ஒன்று. பல் மாறும் வருடங்களில் இரண்டு கோரைப் பற்களுக்கும் இடையே உள்ள தூரம் கொஞ்சம் விரிவது இன்னொன்று. புதுப் பற்கள், குறிப்பாக மேலே, பால் பற்களைவிட முன்னால் சாய்ந்து நிற்பது மூன்றாவது. இவை மூன்றும் கூடியும் போதாவிட்டால்தான் நெருக்கம் வருகிறது.

ஆகவே 4, 5 வயதில் பால் பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்ததா என்று பழைய புகைப்படங்களில் பாருங்கள். இருந்திருந்தால் நல்ல அறிகுறி. ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக அழகாக இருந்திருந்தால், அப்போது எல்லோரும் பாராட்டிய அந்த வரிசைதான் இப்போது நெருக்கத்துக்குக் காரணமாகலாம். பால் பல்லை இரண்டு மாதம் முன்னால் பிடுங்கியிருந்தாலும் பின்னால் பிடுங்கியிருந்தாலும் தாடையின் அளவு மாறியிருக்காது. எனவே தாமதமாகக் கவனித்துவிட்டோம் என்று எந்தத் தாயும் தகப்பனும் தங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

பிடுங்குவதால் கிடைப்பது அந்த ஒரு பால் பல்லின் அகலம் மட்டும்தான். புதுப் பல்லுக்கு அதைவிட அதிகம் தேவை. 7, 8 வயதில் கீழ் முன்பற்கள் ஒன்றிரண்டு மி.மீ. முன்பின்னாகவோ திரும்பியோ நிற்பது சாதாரணம். தாடை விரியும்போது அதில் கொஞ்சம் தானாகச் சரியாகும். மீதி நின்றால், அது பிறகு யோசிக்க வேண்டிய வேறு விஷயம்.

பக்கத்துப் பல்லையும் எடுத்துவிடலாமா

இடம் போதவில்லை என்பதால், பக்கத்தில் இருக்கும் பால் கோரைப் பற்களையும் பிடுங்கிவிடலாம் என்ற யோசனை வரும். எடுத்தால் முன்பற்கள் நான்கும் சில மாதங்களில் அழகாக வரிசைக்கு வந்துவிடுவது உண்மை. பெற்றோருக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கும். ஆனால் அது கடன் வாங்கிய இடம். 9, 10 வயதில் கீழ் நிரந்தரக் கோரைப் பல் வரும்போது அதன் இடம் போயிருக்கும். கூடவே முன்பற்கள் பின்னால் சாய்ந்து, தாடை வளைவின் நீளமும் குறைந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் நடுக்கோடு அந்தப் பக்கம் நகரும். மொத்தத் திட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பல் சீரமைப்பு மருத்துவர் சொன்னால் ஒழிய, இந்த வழிக்கு அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். மிதமான நெருக்கத்துக்குக் கோரைப் பல்லின் பக்கத்தை மட்டும் லேசாகச் சீவி ஒரு மி.மீ. இடம் கொடுப்பது என்ற மென்மையான வழியும் இருக்கிறது. அதையும் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட நம்பிக்கை தருவது வேறு இடம். பால் கடைவாய்ப் பற்கள், அவற்றின் இடத்தில் வரப்போகும் நிரந்தரப் பற்களைவிட அகலமானவை. கோரைப் பல்லையும் சேர்த்துக் கணக்கிட்டால், கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்குச் சராசரியாக 1.7 மி.மீ. மிச்சமாகும். மேலே ஒரு பக்கத்துக்கு 0.9 மி.மீ. பால் கடைவாய்ப் பல் உரிய காலத்தில் விழும்போது, பின்னால் இருக்கும் பெரிய பல் முன்னுக்கு நகர்ந்து அந்த இடத்தை விழுங்கிவிடாமல் உள்பக்கமாக ஒரு கம்பி வைத்துக் காத்தால், இரண்டு பக்கமும் சேர்த்து 3 மி.மீ.க்கு மேல் முன்பற்களுக்குக் கிடைக்கும். பல குழந்தைகளின் சிறு நெருக்கத்துக்கு இதுவே போதும். ஆனால் அந்தப் பால் கடைவாய்ப் பல் 7 வயதிலேயே சொத்தையாகிப் பிடுங்கப்பட்டால் இந்த மிச்சம் முழுவதும் போய்விடும். கோணல் பல்லைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முன்னால் தெரிகிற பல்லையே பார்க்கிறார்கள். பின்னால் சொத்தையாகிக்கொண்டிருக்கும் பால் பல்லை அடைத்துக் காப்பாற்றுவதுதான் நேரான பல்லுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எந்தப் பால் பல்லுக்கு அடியிலும் பின்னாலும் நிரந்தரப் பல் தெரியவில்லையோ, அதை எக்ஸ்ரே பார்க்காமல் பிடுங்க விடாதீர்கள். சிலருக்குச் சில நிரந்தரப் பற்கள் பிறவியிலேயே இருக்காது. ஞானப்பல்லை விட்டுவிட்டால், கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லும் (இரண்டாம் பால் கடைவாய்ப் பல்லின் இடத்தில் வர வேண்டியது) மேல் பக்கவாட்டு முன்பல்லும்தான் இப்படி அதிகம் காணாமல் போகின்றன. அங்கே பால் பல்லை எவ்வளவு வருடம் காப்பாற்ற முடியுமோ அவ்வளவும் லாபம்.

கம்பி எப்போது

அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம், 7 வயதுக்குள் ஒரு முறை குழந்தையைக் காட்டச் சொல்கிறது. காட்டச் சொல்கிறதே தவிர, 7 வயதில் கம்பி போடச் சொல்லவில்லை. கீழே ஒரு பல் பின்னால் வந்தது என்பதற்காக மட்டும் அந்த வயதில் கம்பி போட வேண்டியதில்லை. மேல் பல் கீழ்ப் பல்லுக்குப் பின்னால் மாட்டியிருந்தால் அப்போதே சரிசெய்வது நல்லது. மற்ற நெருக்கங்களுக்கு, நிரந்தரப் பற்கள் பெரும்பாலும் வந்துவிடும் 11, 12 வயது வரை பொறுத்தால் ஒரே சிகிச்சையில் முடியும். இரண்டு முறை கம்பி போட்ட குழந்தைக்குச் சலிப்பும் அதிகம், சொத்தை வாய்ப்பும் அதிகம்.

முன்பற்கள் சரியாகிவிட்டன என்று நிம்மதியாகும் வயதில் இன்னொரு பல்லுக்கு இதே கேள்வி திரும்ப வரும், ஆனால் விடை தலைகீழாக. மேல் கோரைப் பல் 11, 12 வயதில் வர வேண்டியது. சில குழந்தைகளுக்கு அது எலும்புக்குள்ளேயே அண்ணத்துப் பக்கம் வழிமாறிவிடும். வெளியே எதுவும் தெரியாது, பால் கோரைப் பல் மட்டும் ஆடாமல் உறுதியாக நிற்கும். 1988இல் ஸ்வீடனைச் சேர்ந்த பல் மருத்துவ ஆய்வாளர்கள் எரிக்சனும் குரோலும் இப்படி வழிமாறிய 46 கோரைப் பற்களில் பால் கோரைப் பல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். 78 சதவீதம் தானாகச் சரியான பாதைக்குத் திரும்பின. வழிமாறிய தூரம் குறைவாக இருந்தவை அதிகம் திரும்பின. அங்கே காத்திருந்தால் இழப்பு, சரியான நேரத்தில் பிடுங்கினால் அறுவை சிகிச்சையே தவிர்க்கப்படலாம். குழந்தைக்கு 10 வயதாகும்போது, மேல் ஈறின் வெளிப்பக்கம் இரண்டு கோரைப் பல்லின் மேடும் விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று பல் டாக்டரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தட்டுப்பட்டு மறுபக்கம் தட்டுப்படவில்லை என்றால் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.